யாரும் போகாத கட்டம்

நீலகிரி நெட்டைக்காலியைப் பார்க்க ஊட்டிக்கு பஸ் ஏறினால் போதும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பறவைப் புத்தகத்தின் பரவல் வரைபடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் ஒரு வண்ணத்திட்டு இருக்குமே, அதை நம்பி. ஆனால் உயர்ந்த மலைப் புல்வெளி இல்லாத இடத்தில் அந்தக் குருவிக்கு வேலையே இல்லை. திட்டுக்குள்ளோ தேயிலைத் தோட்டம், சீகைக் காடு, கற்பூர மரத்தோப்பு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் அடக்கம்.

படம் தப்பானால் என்ன என்று விட்டுவிட முடியாது. ஓர் இனத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். தீர்மானிக்கும்போது அதன் பரவல் பரப்பையும் பார்க்கிறது. நம்மைப் போன்றவர்கள், பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்டு இணையதளத்தில் ஏற்றிய பட்டியல்களை வைத்து, இந்த மலைக்கே உரிய 18 பறவையினங்களின் பரவலை மறுபடி வரைந்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. 17 இனங்களுக்குப் பழைய வரைபடம் பரப்பைக் கூட்டிக் காட்டியிருந்தது. அவற்றில் 10 இனங்களை இன்னும் ஆபத்தான வகைக்கு மாற்றச் சொன்னார்கள்.

நம் பட்டியலுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கும் பெருமைதான். அப்புறம் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசி இரண்டே ஏரி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் இப்படியே பதிந்தால் கணினி வரைவது பறவையின் பரவலா, நம் பைக் போகும் ரோடா?

கேரளக்காரர்கள் இந்தப் பறவைப் பதிவை முறையாகச் செய்தார்கள். மாநிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்து, மழைக்காலம் ஒரு தடவை, வறண்ட காலம் ஒரு தடவை என்று 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் நடந்தார்கள். போன இடத்தில் காக்கை மட்டும் இருந்தால் காக்கையை எழுதினார்கள். அரிய பறவையின் போட்டோவை மட்டும் ஏற்றிவிட்டுக் காக்கை, மைனாவை விட்டுவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. பார்த்ததை எல்லாம் எழுதினால்தானே எழுதாதது அங்கே கண்ணில் படவில்லை என்று தெரியும்?

எங்கள் ஊருக்குக் கிழக்கே பத்து கிலோமீட்டரில், சோளக்காடும் வேலிக்காத்தானுமாக ஒரு கட்டம் பட்டியலே இல்லாமல் கிடக்கிறது. வரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு ஏரியை விட்டுவிட்டு அங்கேதான் போகிறேன். கவுதாரி கத்தினால் அதிர்ஷ்டம். காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறேன், பைக்கில் பின்சீட் காலி.