தாய்க்குப் போடும் ஊசி வேறு, குழந்தைக்குக் கொடுத்த மருந்து வேறு

"குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் மூளையைக் கெடுக்கும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருப்பது தவறு. இரண்டு சிகிச்சைகளைக் குழப்பிவிட்டீர்கள். பெருமூளை வாத (மூளை பாதிப்பால் உடல் அசைவு குறைபடும் நிலை) ஆபத்து கூடியது, பிறந்த முதல் வாரத்திலேயே குழந்தைக்கு நேரடியாகக் கொடுத்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டில். தாய்க்குப் போடுவது வேறு கதை. அதற்கான ஸ்டீராய்டுகளில் பீட்டாமெத்தசோன் என்றால் 12 மி.கி. வீதம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. குழந்தையின் நுரையீரலுக்கு அது உதவுவதை 1972-இலேயே நியூசிலாந்தில் மருத்துவர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் காட்டிவிட்டார்கள். 34 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளிடம் மூளைக்குள் ரத்தக்கசிவையும் இறப்பையும்கூட அது குறைக்கிறது. அதைத்தான் வேண்டாம் என்கிறீர்கள்! சரி, திரும்பத் திரும்பப் போடலாமா, நிறைமாதம் நெருங்கியபின் தேவையா என்ற தயக்கம் நியாயமானது, மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் 28 வாரத்தில் வலி வந்த ஒரு தாய் உங்கள் பதிவை நம்பி மறுத்துவிடக்கூடும். தயவுசெய்து திருத்துங்கள்.