பணம் கொடுக்கும் அவைக்குத் தேதி கேட்கும் உரிமை இல்லையா?

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்களுக்குக் காணொளி வந்து சேர்ந்திருக்கும். மேடையில் பேசியவரின் பெயரையும் நான் எழுத மாட்டேன். வயதில் மூத்தவர், அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திறங்கிய பலருக்குக் கைகொடுத்தவர். ஆனால், "போருக்கான பணத்தில் கைவைப்பவன் சிப்பாயின் முதுகில் குத்துகிறான்" என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. 2007இல் ஈராக் போருக்கான நிதி பற்றி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எதற்காக வாக்களித்தது என்று எழுந்து சொல்ல முயன்றேன். "அம்மா, படைவீரர் வீட்டு வலி உங்களுக்கு என்ன தெரியும்? உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதீர்கள்" என்று அத்தோடு என் பேச்சை முடித்துவைத்தார். அரங்கமே கைதட்டியது. இந்தப் பதிவு அந்தக் கைதட்டலுக்கான பதில்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். போருக்குப் பணம் ஒதுக்கும்போது 'எதற்கு, எதுவரை' என்று கேட்பது படைவீரனைக் கைவிடுவதாகாது. அவனுக்காக நாட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய முதல் கடமை அது.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். போரை அறிவிக்கும் அதிகாரத்தையும், படை திரட்டிப் பராமரிக்கும் அதிகாரத்தையும் அவர்கள் அதிபரிடம் கொடுக்கவில்லை, காங்கிரஸிடம் கொடுத்தார்கள். அதோடு நில்லாமல், தரைப்படைக்கான எந்த நிதி ஒதுக்கீடும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்றும் எழுதிவைத்தார்கள். பிரதிநிதிகள் அவைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் வருகிறது; ஆக, புதிதாக வரும் ஒவ்வோர் அவையும் படைக்கான பணத்தைப் பற்றி மக்கள் முன்னிலையில் ஒருமுறையாவது பேசியாக வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். ஐயா சொன்னதுதான் சரி என்றால், முதுகில் குத்தியவர்களின் பட்டியல் அந்த அரசமைப்பை எழுதியவர்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

இனி 2007க்கு வருகிறேன். ஜனவரி 10 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஈராக்குக்குக் கூடுதலாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பப் போவதாக அறிவித்தார். அதற்கு முந்தைய நவம்பரில்தான், பெரும்பாலும் அந்தப் போரின் மீதான வெறுப்பினாலேயே, மக்கள் காங்கிரஸின் இரு அவைகளையும் எதிர்க்கட்சியிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஏப்ரல் இறுதியில் நிதி மசோதா ஒன்று நிறைவேறியது. பிரதிநிதிகள் அவையில் 218க்கு 208, செனட்டில் 51க்கு 46. அந்த மசோதா பணத்தை நிறுத்தியது என்றுதான் ஐயா சொன்னார், கூட்டமும் நம்பியது. உண்மையில் அதில் சுமார் 12,400 கோடி டாலர் இருந்தது. அதிபர் கேட்டதைவிடக் கூடுதலான தொகை அது. போருக்கான பணம், முன்னாள் படைவீரர்களின் மருத்துவத்துக்கான பணம் எல்லாம் அதில் இருந்தன. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: மிகப் பிந்தினால் 2007 அக்டோபர் 1க்குள் படைகளைத் திரும்பப் பெறத் தொடங்க வேண்டும்.

மே 1 அன்று அதிபர் தம் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த மசோதாவைத் திருப்பி அனுப்பினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அதே மே 1 அன்றுதான் 'பணி நிறைவேறியது' என்ற பதாகை தொங்கிய விமானந்தாங்கிக் கப்பலில் நின்று, ஈராக்கில் பெரும் போர் நடவடிக்கைகள் முடிந்துவிட்டன என்று அவர் நாட்டுக்குச் சொல்லியிருந்தார். மறுநாள் பிரதிநிதிகள் அவை அவருடைய மறுப்பை முறியடிக்க முயன்றது. 222க்கு 203, அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. மே 25 அன்று, படை விலக்கத்துக்கான தேதி இல்லாத வேறொரு மசோதாவில் அவர் கையெழுத்திட்டார்.

இப்போது சொல்லுங்கள், படைவீரருக்கான பணத்தைத் தடுத்தது யார்? காங்கிரஸ் பணத்தைக் கொடுத்தது. தேதி வேண்டாம் என்பதற்காக அந்தப் பணத்தை மறுத்தவர் அதிபர். வீடு கட்டித் தருபவருக்குத் தவணையைக் கையில் கொடுத்துவிட்டு, எப்போது முடியும் என்று கேட்டவரைப் பார்த்து, கூலியாட்களைப் பட்டினி போடுகிறார் என்று பழி சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்த மசோதாவில் போருக்குச் சம்பந்தமில்லாத உள்நாட்டுச் செலவுகளையும் திணித்திருந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். திணித்திருந்தார்கள்தான், தவிர்த்திருக்கலாம். அதனால் தேதி கேட்டது தவறாகிவிடாது.

பணம் நின்றால் சிப்பாய் களத்தில் சோறில்லாமல் கிடப்பான் என்ற அச்சத்தையும் கூட்டத்தில் விதைத்தார்கள். உணவு, உடை, எரிபொருள், தங்குமிடம், போக்குவரத்து, மருந்து ஆகியவற்றை ஒதுக்கீடு இல்லாதபோதும் கடனாக வாங்கிக்கொள்ளப் படைக்கு அனுமதி தரும் சட்டம் ஒன்று 1861 முதல், உள்நாட்டுப் போரின் காலத்திலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. குதிரைக்குத் தீவனம் வாங்குவதற்காகப் பிறந்த சட்டம் அது. நிதிக்கு எல்லை போட்டபோது படை அழிந்துபோனதாகவும் வரலாறு இல்லை. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிசுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தபின், 1994 மார்ச் 31க்கு அப்பால் அங்கே படை நடவடிக்கைக்குப் பணம் இல்லை என்று காங்கிரஸ் சட்டம் செய்தது. வீரர்கள் அந்தத் தேதிக்குள் கிளம்பி வந்து சேர்ந்தார்கள். தேதி வைத்ததால் எந்தச் சிப்பாயின் கையிலிருந்தும் தோட்டா பிடுங்கப்படவில்லை.

கேள்வியே கேட்காமல் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதையும் பேசுவோம். 1964 ஆகஸ்டில், வியட்நாம் பகுதியில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 416க்கு 0 என்றும், செனட்டில் 88க்கு 2 என்றும் நிறைவேறியது. அந்த ஒற்றுமையின் பெயரால் நடந்த வியட்நாம் போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். வியட்நாமியர் பல லட்சம் பேர் மாண்டார்கள். ஈராக்கிலும் தொடக்கத்தில் அதே கதைதான். 2003 நவம்பரில் சுமார் 8,700 கோடி டாலரை அவசர நிதியாகக் காங்கிரஸ் கொடுத்தது. ஓராண்டு கழித்து, 2004 டிசம்பரில், குவைத்தில் பாதுகாப்புத் துறைச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டின் முன்னால் ஒரு வீரர் எழுந்து நின்று, எங்கள் வாகனங்களுக்குக் கவசம் போடக் குப்பைமேட்டில் பழைய இரும்பைப் பொறுக்க வேண்டியிருப்பது ஏன் என்று கேட்டார். 2007 பிப்ரவரியில், காயம்பட்டுத் திரும்பியவர்களைத் தங்கவைத்திருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்திருந்ததை நாளிதழ் ஒன்று வெளிக்கொண்டு வந்தது. இவையெல்லாம் பணம் தாராளமாகப் பாய்ந்த காலத்தில் நடந்தவை. கேள்வி கேட்காத அவை படைவீரனைக் காப்பாற்றவில்லை.

படைவீரர் வீட்டு வலி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டீர்கள். இதை நான் இதுவரை பொதுவில் எழுதியதில்லை. இப்போதும் விருப்பத்தோடு எழுதவில்லை. என் அக்கா மகன் அந்த ஆண்டு ஈராக்கில் இருந்தான். அக்கா சமையலறை நாட்காட்டியில் அவன் திரும்ப வேண்டிய மாதத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தாள். 2007 ஏப்ரலில், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தரைப்படையின் களப்பணிக் காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டிக்கப்படுகிறது என்ற அறிவிப்பைத் தொலைக்காட்சியில்தான் நாங்கள் பார்த்தோம். அன்றிரவு அக்கா அழிப்பானை எடுத்து அந்த வட்டத்தை அழித்தாள். மூன்று தாள்களைப் புரட்டி, வேறொரு மாதத்தில் மறுபடியும் வட்டமிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அழித்த இடத்தில் தாள் மட்டும் கொஞ்சம் நைந்திருந்தது.

அவன் தொலைபேசியில் அரசியல் பேச மாட்டான். காலுறை அனுப்புங்கள், பாதத்துக்குப் போடும் பவுடர் அனுப்புங்கள் என்பான். அக்காவிடம் கேட்க முடியாததை என்னிடம் கேட்பான்: "சித்தி, தேதி ஏதாவது சொன்னாங்களா?" வேறு எதையும் அவன் கேட்டதில்லை. அதே தேதியை மசோதாவில் எழுதினால் சரணாகதி என்றார்கள். அவன் கேட்டது சரணாகதியா? அவன் அம்மா நாட்காட்டியில் வட்டமிட்டது துரோகமா?

அவன் உயிரோடு திரும்பி வந்தான். அந்த ஆண்டு ஈராக்கில் இறந்த அமெரிக்க வீரர்கள் 900க்கும் மேற்பட்டோர். அந்தப் போரின் எந்த ஆண்டிலும் அவ்வளவு பேர் இறந்ததில்லை. திரும்பி வந்தவனுக்கு இரவில் தூக்கம் இல்லை, காதில் இடையறாத இரைச்சல். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், ஒரு காகிதம் குறைகிறது என்று ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். அதை அனுப்பினால், முன்பு அனுப்பிய இன்னொன்று காணவில்லை என்று அடுத்த கடிதம் வரும். படைவீரர்களுக்காக மேடையில் உருகியவர்களில் ஒருவர்கூட அந்தக் கடிதங்களைப் படித்ததில்லை.

"நீங்கள் சீருடை அணிந்ததில்லையே" என்பவர்களுக்கும் சொல்கிறேன். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அணிந்தீர்கள்? இந்த நாட்டில் கட்டாய ராணுவச் சேவை 1973இல் முடிந்துவிட்டது. அதன்பின் போரின் பாரம் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரின் வீடுகளில் மட்டுமே இறங்குகிறது. 2003இல் படை ஈராக்குக்குள் நுழைந்தது மார்ச்சில். அதே ஆண்டு மே மாதம் வரிக்குறைப்புச் சட்டம் கையெழுத்தானது. போருக்கான பணம் பெரும்பாலும் கடனாக வாங்கப்பட்டது. பிள்ளையையும் அனுப்பவில்லை, கூடுதல் வரியும் கட்டவில்லை. மற்றவர் வீட்டுப் பிள்ளை இன்னும் எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று கேட்டவளை மட்டும் நன்றிகெட்டவள் என்கிறீர்கள். இத்தனை நேரம் நடந்த கூட்டத்தில் ஈராக்கியரின் உயிரைப் பற்றி ஒரு சொல்கூட எழவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தேதி சொன்னால் எதிரி அதுவரை பதுங்கிக் காத்திருப்பான் என்பது அடுத்த வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. போரை அறிந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்த வாதத்தைச் சொன்ன அதே புஷ்ஷின் அரசுதான் 2008 நவம்பரில் ஈராக் அரசுடன் ஒப்பந்தம் செய்து, அதில் 2011 டிசம்பர் 31 என்ற தேதியை எழுதியது. அந்தத் தேதிக்கு முன்பாகவே, டிசம்பர் 18 அன்று, கடைசி வாகன அணி குவைத் எல்லையைக் கடந்தது. 2007இல் காங்கிரஸ் எழுதினால் சரணாகதி, 2008இல் அதிபரின் அரசு எழுதினால் அரசதந்திரமா? கூடாது என்றது தேதியையா, கேட்டவர்களையா?

1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்ததையும், 2021இல் காபூல் விழுந்ததையும் சொல்வார்கள். தென் வியட்நாமுக்கு அதிபர் கேட்ட உதவியை 1974இல் காங்கிரஸ் வெகுவாகக் குறைத்தது உண்மை. நம்மை நம்பிய மக்கள் அங்கே கைவிடப்பட்டார்கள் என்பதும் உண்மை. அது என்னையும் உறுத்துகிறது. ஆனால் அமெரிக்கப் போர்ப்படைகள் 1973 மார்ச்சிலேயே வெளியேறிவிட்டன. எனவே அது சிப்பாயைக் கைவிட்ட கதை ஆகாது. காபூலிலோ பணத்தை யாரும் நிறுத்தவே இல்லை. இருபது ஆண்டுகள் ஒதுக்கீடு தடையின்றி ஓடியது. 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானுடன் ஒப்பந்தம் போட்டது ஓர் அதிபரின் அரசு, 2021 ஆகஸ்ட் 30 அன்று கடைசி விமானத்தை அனுப்பியது இன்னோர் அதிபரின் அரசு. ஆகஸ்ட் 26 அன்று விமான நிலைய வாயிலில் 13 அமெரிக்க வீரர்களும் ஆப்கானியர் ஏராளமானோரும் குண்டுவெடிப்பில் இறந்தது கேள்வி கேட்டதால் அல்ல. வெளியேறுவது எப்படி என்று உரிய காலத்தில் உரக்கக் கேட்டு, பதில் வாங்கும்வரை பணத்தைப் பிடித்துவைக்க அந்த இருபது ஆண்டுகளில் ஓர் அவையும் துணியவில்லை.

பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று உட்பெட்டியில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2001 செப்டம்பரில் படைபலத்துக்கு அனுமதி அளித்த தீர்மானத்தைப் பிரதிநிதிகள் அவையில் எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவர்தான், 420க்கு 1. அவரையும் துரோகி என்றார்கள், கொலை மிரட்டல்கள் வந்தன. அந்தச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆப்கானிஸ்தானைத் தாண்டிப் பல நாடுகளில் நடந்த படை நடவடிக்கைகளுக்கு அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். அது கையெழுத்தானபோது பிறந்தே இராத பிள்ளைகள் இன்று சீருடையில் இருக்கிறார்கள். அவர்களுக்கான நிதி ஒதுக்கீடு ஒவ்வோர் ஆண்டும் அவைக்கு வருகிறது, ஒவ்வோர் ஆண்டும் அதே மிரட்டலோடு நிறைவேறுகிறது. எங்கள் தொகுதி உறுப்பினருக்கு நேற்று கடிதம் அனுப்பியிருக்கிறேன்: அடுத்த ஒதுக்கீட்டுக்கு வாக்களிக்கும் முன், எந்த நாட்டில், எந்த அனுமதியின் பேரில், எந்தத் தேதி வரை என்று அவையில் எழுந்து கேட்பீர்களா என்று. உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் அதே கேள்வியை எழுதுங்கள்.