அழுத்தம் களப்பணியில்தான் தொடங்குகிறது
நேர அட்டவணையும் தினமும் அரை மணி நேரத் தியானமும் இருந்தால் சமூகப்பணி மாணவருக்கு மன அழுத்தம் வராது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிப்பில் பெரும்பாலும் வாரம் 2 நாள் களப்பணி, அதாவது ஒரு நிறுவனத்தின் மூலம் மக்களை நேரில் சந்தித்துச் செய்யும் பயிற்சி. அழுத்தத்தின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. களப்பணி அறிக்கையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் யார் என்ன சொன்னார்கள் என்பது மங்கிவிடும், மேற்பார்வையாளர் திருப்பித் தருவார், மறுவாரம் இரண்டு அறிக்கை சேர்ந்து நிற்கும். திரும்பும் பேருந்திலேயே நாலைந்து வரி குறித்துவிடுங்கள்: யாரைப் பார்த்தோம், அவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே, நாம் செய்தது, அடுத்துச் செய்ய வேண்டியது, நம் மனதில் எழுந்தது. கடைசியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேற்பார்வையாளரிடம் தனியாகப் பேச வேண்டியதே அதுதான். குறிப்பில் பயனாளியின் (நாம் உதவப் போகும் நபரின்) பெயர் வேண்டாம், ஒரு குறியீட்டு எண் போதும் (பக்கத்து இருக்கைக்காரர் கண்ணிலும் படும்). பயனாளியிடம் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுக்காமல் நிறுவனத்தின் எண்ணைக் கொடுங்கள். இரவு 11 மணி அழைப்பை எடுத்தால் தூக்கம் போகும், எடுக்காவிட்டால் குற்றவுணர்வு அரிக்கும். கல்லூரியில் ஆலோசகர் இல்லையென்றால் யாரிடம் பேசுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்: அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பயனாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் அதே எண்ணை மாணவர்களும் தயங்காமல் அழைக்கலாம்.