ஒரு ஜாரு வாசிக்க விடுங்களேன்!

சாஃப்ட்வேர் சிந்த், அதாவது கணினியிலேயே இசை ஒலிகளை உருவாக்கும் மென்பொருள், செய்கிறவர்களுக்கு வாசிக்கத் தெரிந்த ஒருத்தர்கூடப் பழக்கமில்லையா? ஆயிரக்கணக்கில் பிரீசெட் (தயாராக அமைத்து வைத்த ஒலிகள்) என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். திறந்தால் முக்கால்வாசி சினிமா டிரெய்லர் உறுமல். ரிவெர்ப், டிலே என்று எதிரொலி எஃபெக்டுகளை அள்ளிக் கொட்டியிருக்கும். அவற்றை அணைத்தால் அடியில் உயிரே இல்லாத ஒரு சா-டூத் அலை, வெறும் ரம்பப்பல் வடிவ மூல ஒலி.

பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரு ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வது) போகலாம் என்று, கீபோர்டில் ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலைத் தள்ளினால் பாதி வழியில் நிற்கும். அதற்கு ஐந்து செமிடோன் (அரை ஸ்வரம்) வேண்டும். பெரும்பாலானவற்றில் வைத்திருப்பது இரண்டு. எங்கோ ஒரு மெனுவுக்குள் நுழைந்து மாற்றி வைப்பேன். அடுத்த பிரீசெட்டுக்குப் போனதும் பழையபடி இரண்டு! திரும்பவும் நுழை, திரும்பவும் மாற்று. வாசிக்க வந்த சங்கதி அதற்குள் கையை விட்டே போய்விடும்.

அப்புறம் இந்த லைசென்ஸ் தொல்லை. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் வெந்து அல்சூர் வந்து சேர்ந்து, சாப்பிட்டுவிட்டுக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால், மழைக்கு நெட் போயிருக்கும். உடனே 'உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை' என்று பூட்டிக்கொள்கிறது. காசு கொடுத்தவன்மேல் எதற்கு இத்தனை சந்தேகம்? 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்த் கீபோர்டு, சுவிட்சைப் போட்டால் பாடும். அதே ஒலியை இலவசமாகத் தரும் டெக்ஸெட் மென்பொருள் எந்த லாகின் கணக்கும் கேட்பதில்லை. சர்ஜ் எக்ஸ்டி என்ற சாஃப்ட்வேர் சிந்தும் இலவசம்தான். ஸ்வர இடைவெளிகளையே நம் விருப்பப்படி மாற்ற விடுகிறது. டாலரில் காசு வாங்குகிற நிறுவனங்களுக்கு மட்டும் என்ன கேடு?