நோயாளியின் நடையும் செல்பேசியின் கணக்கும்

கீமோதெரபி தொடங்குவதற்கு முன் புற்றுநோய் மருத்துவர், பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்பதுண்டு. அந்தப் பதிலை வைத்தே, அன்றாடம் எவ்வளவு இயங்க முடிகிறது என்பதைக் காட்டும் 'ஈகாக்' அளவுகோலில் நோயாளிக்கு ஓர் எண் தரப்படுகிறது. வேலைக்குப் போக முடியாவிட்டாலும், விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடித் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொண்டால் 2. பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிந்தால் 3. உடல் மருந்தைத் தாங்குமா என்ற முடிவில் இந்த எண்ணுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அப்பா "பரவாயில்லை டாக்டர்" என்பார். பக்கத்தில் நிற்கும் மகளோ "எந்நேரமும் படுத்தேதான் இருக்கிறார்" என்பாள்.

இந்த இடத்தில் செல்பேசி உதவும் என்றே நினைக்கிறேன். அதிலுள்ள அசைவுமானி அடிகளை எண்ணுகிறது. ஐபோன் போன்றவற்றில் நாமாக எதையும் தொடங்காமலேயே அந்தக் கணக்கு சேர்ந்துகொண்டிருக்கும். நோய் தெரியவருவதற்கு முந்தைய மாதங்களின் நடை அதில் இருக்கும் என்பதே அதன் பெரிய பயன், ஏனெனில் மருத்துவமனையில் அடிகளை எண்ணப் புதிதாகக் கையில் கட்டிவிடும் பட்டையால் அந்தப் பழைய நாட்களைக் காட்ட முடியாது.

எனினும், கணக்கில் அடிகள் இல்லாததாலேயே ஒருவர் நடக்கவில்லை என்று கொள்ள முடியாது. நம் வீடுகளில் அம்மாவின் செல்பேசி ஃபிரிட்ஜின் மேல் சார்ஜில் கிடக்கும். சேலையில் அதை வைக்கப் பையும் கிடையாது. சமையலறைக்கும் துணி காயும் மாடிக்கும் அவர் ஏறி இறங்கிய நடை எதுவும் கணக்கில் வராது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2015இல் ஐபோன் செயலி வழியே தொடங்கிய 'மைஹார்ட் கவுன்ட்ஸ்' என்ற இதய நல ஆய்வில் சில மாதங்களில் ஏறத்தாழ 49,000 பேர் சேர்ந்தனர். அவர்களுள் ஆறு நிமிட நடைச் சோதனையைச் செய்து முடித்தவர்கள் பத்தில் ஒருவரே. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் இளையவர்கள். நம் மருத்துவமனை வரிசைகளில் காத்திருப்பவர்களோ வேறு மனிதர்கள்.

ஆகவே எவரையும் பத்தாயிரம் அடி என்ற கணக்கோடு ஒப்பிட வேண்டாம். அது 1960களில் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்பதற்காக வந்த எண். மூட்டு மாற்று அறுவைக்குப் பின் 800 அடி நடப்பவர், அதற்கு முன் 1,200 அடி நடந்தவரா 6,000 அடி நடந்தவரா என்பதே மருத்துவருக்குத் தெரிய வேண்டியது. கணக்கு சட்டென்று குறைந்தால், செவிலியர் ஒருவர் அழைத்து, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, அல்லது செல்பேசிதான் வீட்டில் கிடந்ததா என்று கேட்க வேண்டும். அப்படி அழைக்க ஆளை நியமிக்காமல் செயலியை மட்டும் நிறுவச் சொல்லும் மருத்துவமனையிடம், இந்தக் கணக்கு காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகிறதா என்று நோயாளி முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.