எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்களின் காலம்: ஒரு திருத்தம்

எகிப்தில் லக்சரிலிருந்து அஸ்வான் வரை நைல் கப்பலில் சென்று காணும் கோயில்கள் அனைத்தும் ஃபாரோ (பண்டைய எகிப்திய மன்னர்) ராம்செஸின் காலத்தவை என்று சொல்லப்படுவது சரியன்று. லக்சர், கர்னாக் கோயில்களில் இரண்டாம் ராம்செஸின் பணி உண்டு என்பது உண்மையே. ஆனால் எட்ஃபுவில் எகிப்தியக் கடவுளான ஹோரஸுக்குள்ள கோயில், அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட கிரேக்க மரபினரான தாலமிகளால் கி.மு. 237இல் தொடங்கப்பட்டு, கி.மு. 57இல்தான் முழுமை பெற்றது. கோம் ஓம்போவில் இன்று நிற்கும், இரு கடவுளருக்கான இரட்டைக் கோயிலும் அவர்கள் காலத்ததே. அதே வழியிலுள்ள எஸ்னா கோயிலின் தூண் மண்டபமோ பெரும்பாலும் ரோமானியர் கட்டியது.

இந்தக் குழப்பம் வியப்புக்குரியதன்று. எட்ஃபுவின் நுழைவுக் கோபுரத்தில், பகைவரின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி ஓங்கி அடிக்க முனையும் மன்னர் பன்னிரண்டாம் தாலமி என்றாலும், அவருடைய நிற்கும் முறை முதல் கிரீடம் வரை எல்லாம் பழைய ஃபாரோக்களின் பாணியிலேயே செதுக்கப்பட்டுள்ளன.