அறிவிப்பு முடியும்வரை இருங்கள்

ஞாயிறு காலைப் பூசை. எல்லோரும் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கி, அதற்குப் பிந்தைய மன்றாட்டும் சொல்லியாகிவிட்டது. ஃபாதர் வாசக மேடையில் இருக்கும் நீள நோட்டைத் திறக்கிறார். சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் கோவிலின் பின்பக்கம் எழுந்துகொள்கிறது. படியில் செருப்புத் தேடுகிறார்கள், பைக்குகள் கிளம்புகின்றன, விளையாடப் போன பிள்ளைகளைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இரண்டாவது அறிவிப்புக்கு வருவதற்குள் ஆண்கள் பக்கம் பாதி காலி. இறுதி ஆசீருக்குத் தலைகுனிந்து நிற்பவர்கள் முன்வரிசை ஆச்சிமாரும் பீடச் சிறுவர்களும் பாடற்குழுவும்தான்.

அந்த நோட்டை எழுதுகிறவள் நான். எங்கள் கோவிலைச் சேர்ந்த மக்களின் பங்குப் பேரவைக்கு வந்ததிலிருந்து ஆறு ஆண்டுகளாக இது என் பொறுப்பு. சனிக்கிழமை மாலை ஜெபமாலை முடிந்ததும் ஃபாதர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து கறுப்பு மையில், பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம்விட்டுப் படியெடுப்பேன். ஆள்பெயர், இடம், நேரம் மூன்றுக்கும் அடிக்கோடு போடுவேன். இறந்தவர் பெயரில் ஒரு எழுத்துகூடப் பிழையாகிவிடக் கூடாது என்று அந்த வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வேன்.

சென்ற பேரவைக் கூட்டத்தில் இளைஞர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். அறிவிப்புகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம், பூசையில் வாசிக்க வேண்டாம், ஐந்து நிமிடம் மிச்சம் என்றார்கள். பலர் தலையசைத்தார்கள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கொரோனா முடக்கத்தில் கோவில் பூட்டிக் கிடந்த நாட்களில் பங்கை ஒன்றாகப் பிடித்துவைத்தது அவர்கள் நடத்திய அந்தக் குழுதான். ஆனாலும் இந்த யோசனை வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். ஏன் என்பதைக் கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் கோவில் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. மூன்று ஞாயிறு அறிவிப்புகள் போனில் மட்டுமே போயின. அதற்கு நடுவில் ஒரு வார நாள் பூசையை ஆறு மணியிலிருந்து ஐந்து மணிக்கு மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சி வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து நின்றார்கள். பூசை முடிந்து கதவு சாத்தியிருந்தது. அன்று அவர்கள் வீட்டுக்காரர் இறந்த நாள். அவர் பெயரைச் சொல்லி மன்றாடும் பூசைக் கருத்துக்குப் பணம் கட்டி ரசீதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்கள். நான் பால் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தபோது கொடிமரத்துத் திண்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நான் செத்தாலும் போனில்தான் சொல்வீர்களா, மகளே?" என்று மட்டும் கேட்டார்கள். அந்த முடிச்சை அவிழ்த்து ரசீதை என்னிடம் காட்டினார்கள். பூசையில் அவர் பெயரை வாசித்தார்கள் ஆச்சி, நான் கேட்டேன் என்றேன். "நான் கேட்கவில்லையே" என்றார்கள்.

அவர்களிடம் போன் இல்லை. பேரன் வாங்கித் தந்தாலும் அவர்களுக்கு அதில் வாசிக்கத் தெரியாது. ஒருவருக்காக எல்லோரும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்பதுதான் என் பதில். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன கதையை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற நான் வேறு பதில் சொல்ல முடியாது.

அறிவிப்பு பூசையோடு சேர்ந்ததல்ல, பூசை முடிந்தபிறகு ஒட்டவைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தேவைப்பட்டால் சுருக்கமான அறிவிப்புகள் என்று திருப்பலியின் நிறைவுச் சடங்கிலேயே திருச்சபை அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அறிவிப்புக்குப் பிறகுதான் ஆசீர், அதற்குப் பிறகுதான் சென்று வாருங்கள் என்று அனுப்புவது. இலத்தீனில் பூசைக்கு இருக்கும் 'மிஸ்ஸா' என்ற பெயரே அனுப்புதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் ஒருவரை எப்படி அனுப்புவது? புதன் மாலை இன்னார் வீட்டில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியம், வெள்ளி இன்னார் அடக்கம், சனி காலை கல்லறைத் தோட்டத்தில் துப்புரவுப் பணி. நற்கருணை வாங்கிய கைக்கு அந்த வாரம் என்ன வேலை என்பது அங்கேதான் தெரிகிறது.

புனித பவுலின் திருமுகங்களை வாசிக்கும்போது இது எனக்கு இன்னும் தெளிவாகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரம் இறந்தோர் உயிர்த்தெழுதலைப் பற்றியது. சாவே, உன் வெற்றி எங்கே என்று கேட்கிற அதிகாரம். நம் வீட்டு அடக்கங்களில் அதைக் கேட்டிருப்பீர்கள். அதை முடித்த கையோடு 16-ஆம் அதிகாரத்தில் பவுல் என்ன எழுதுகிறார்? எருசலேமில் இருப்பவர்களுக்கான காணிக்கையை ஒவ்வொருவரும் வாரத்தின் முதல் நாளில் எடுத்து வையுங்கள். பெந்தக்கோஸ்து வரை நான் எபேசில் இருப்பேன். திமொத்தேயு வந்தால் அவருக்கு அச்சம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அக்கிலாவும் பிரிஸ்காவும் அவர்கள் வீட்டில் கூடும் சபையும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். நான் சனிக்கிழமை எழுதுகிற நோட்டில் இருப்பவையும் இவைதானே! காணிக்கை, வருகிறவர் விவரம், அன்பியம் கூடும் வீடு. உயிர்ப்பைப் பற்றி அவ்வளவு பெரிதாக எழுதியவருக்கு அடுத்த வரியில் காணிக்கைக் கணக்கை எழுதுவது தாழ்வாகப் படவில்லை. சபை கூடியிருக்கும்போது சத்தமாக வாசிக்கத்தான் அந்தத் திருமுகங்களை அனுப்பினார்கள்.

என் பாட்டி சொல்லுவார்கள், அந்தக் காலத்தில் பூசை முழுதும் இலத்தீன், நாங்கள் பாட்டுக்கு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்போம் என்று. 1962-இல் தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பலிபீடத்தில் தமிழ் கேட்டது. ஆனால் அதற்கு முன்பும் பிரசங்கமும் அறிவிப்பும் தமிழில்தான். சாமியார் திரும்பி நின்று, நாளை இன்னார் வீட்டுக் கல்யாணம், ஊரில் காய்ச்சல், இன்று மாலை மன்றாட்டு என்று தமிழில் சொல்லும்போதுதான் எங்கள் பெயர் கோவிலுக்குள் கேட்கும் என்பார்கள் பாட்டி. இந்தக் கடற்கரையில் அந்தப் பழக்கம் இன்னும் பழையது. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டே ஊரெல்லாம் நடந்து சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டியதை அவரே 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடிதமாக எழுதியிருக்கிறார். மணி கேட்டவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் வந்து நின்றார்கள். நம் பங்கு அப்படித்தான் தொடங்கியது. டிசம்பர் 3 அவருடைய திருநாள். அன்று மாலை நம் கோவிலில் பாடற்பூசை உண்டு.

திருமண ஓலை வாசிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மணமக்கள் பெயரை மூன்று முறை பூசையில் வாசிக்கும் வழக்கத்தை 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் எல்லாப் பங்குகளுக்கும் விதித்தது. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அப்படி ஒரு தடையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் பார்ப்பது வேறு. முதல் ஓலை வாசிக்கும்போது பெண்கள் பக்கத்தில் ஒரு அசைவு தெரியும். பெண்ணின் அம்மா தலையைக் குனிந்துகொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடிப்பார். பூசை முடிந்து வாசலில் இருபது பேராவது அந்த அம்மாவிடம் பேசாமல் போகமாட்டார்கள். பாத்திரத்துக்கு என்ன செய்தாய், சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்றா, நான் வந்து காய் வெட்டட்டுமா என்று அங்கேயே பாதிக் கல்யாண வேலை முடிந்துவிடும். குழுவில் போட்டால் கைகூப்பும் படம் இருபது வரும், அத்தோடு சரி. அதைவிட மோசம், அந்தப் பெயர்களும் வீட்டு விவரமும் யார் யாருக்கோ கைமாறிப் போகும். கோவிலுக்குள் சொல்வது அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்களிடம் சொல்வது. இந்த வித்தியாசத்தைப் பெண்பிள்ளை வைத்திருக்கிறவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

ஒருமுறை நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்: நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு அவசர மருத்துவ உதவி தேவை, விரும்புகிறவர்கள் வின்சென்ட் தே பவுல் சபையாரைப் பார்க்கவும். ஏழைகளுக்கு உதவும் சபை அது. குடும்பத்தின் பெயர் இல்லை. ஃபாதர் அதை வாசித்துவிட்டு நோட்டிலிருந்து கண்ணை எடுத்து மக்களைப் பார்த்தார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. பூசை முடிந்து ஃபாதர் பூசை உடை மாற்றும் சக்கிரீஸ்து அறை வாசலுக்குப் போனபோது ஏழெட்டுப் பேர் அங்கே நின்றார்கள். மீன் விற்கும் ஒரு அக்கா அன்றைய முதலிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து, யாருக்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பார்வையைப் போனில் அனுப்ப முடியாது.

இளைஞர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் அறிவிப்புகள் நீண்டுவிட்டன. திருவிழாவுக்கு நன்கொடை தந்தவர்கள் பெயரையும் தொகையையும் பத்து நிமிடம் வாசிக்கிறோம். அது வேண்டவே வேண்டாம். ஐம்பது ரூபாய் தந்தவர் அந்த நேரத்தில் எங்கே பார்ப்பார் என்று யோசித்திருக்கிறோமா? அதைக் கணக்குப் பலகையில் ஒட்டலாம், குழுவிலும் போடலாம். கோவில் வரி பாக்கிக்காக எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டுவதையும் விடலாம். பாக்கி வைத்தவர்கள் அன்று வந்திருக்கவும் மாட்டார்கள். சென்ற வாரம் சொன்னதை மறுபடி முழுதாக வாசிக்க வேண்டாம். மூன்று நிமிடத்தில் முடியும்படி நானே எழுதித் தருகிறேன். போனிலும் அனுப்புங்கள், ஊருக்குப் போனவர்களும் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் பார்க்கட்டும். வாசிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அதிலும் நவம்பர் வருகிற நேரத்தில் நிறுத்தவே கூடாது. மாதம் முழுதும் மாலைப் பூசையில் நம் வீடுகளில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்போம். ஒவ்வொரு வீடும் தாளில் எழுதி உறையில் போட்டுத் தருகிறது. சிலர் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதுகிறார்கள். ஒரு உறையில் பெயருக்குப் பதிலாக "பெயர் வைக்காத குழந்தை" என்று இருந்தது. அதை எப்படி வாசிப்பது என்று ஃபாதரிடம் கேட்டேன். எழுதியபடியே வாசிப்போம் என்றார். வாசித்தார். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அன்று கோவிலே அந்தக் குழந்தைக்காக வேண்டியது.

வரும் வாரத்துக்கு நோட்டில் எழுதியிருப்பதை இங்கேயும் தருகிறேன். சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கல்லறைத் தோட்டத் துப்புரவு. மழையில் நெருஞ்சியும் கருவேலங்கன்றும் குழிமேடு தெரியாமல் வளர்ந்திருக்கின்றன. மண்வெட்டியும் அரிவாளும் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். அன்பியங்கள் தங்கள் வீட்டுக் கல்லறைகளோடு, பார்க்க ஆளில்லாத கல்லறைகளையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். நவம்பர் 2 மாலை 5 மணிக்கு அங்கேயே திருப்பலி, பிறகு கல்லறைகள் மந்திரிப்பு, அதாவது ஆசீர்வதிப்பு. மெழுகுதிரி வாங்க முடியாதவர்களுக்குக் கோவிலில் வைத்திருக்கிறோம். ஆளில்லாத வீட்டு ஆச்சிமாரை அழைத்துவர ஒரு ஆட்டோ சொல்லியிருக்கிறேன், நாலரை மணிக்குக் கொடிமரத்தடியில் நிற்கும்.